நாங்க யாரும் அப்படிச் சொல்லலையே

டெக்சாஸ் மாநிலத்துக் காப்பெல் ஊரில் இருக்கும் அந்த ஹைஸ்கூலில் பிரிவினை என்று ஒன்று கிடையாது. பிரின்சிபாலைக் கேட்டால் வாசல் சுவரில் மாட்டியிருக்கும் படத்தைக் காட்டுவார். அதில் எல்லா நிறத்துக் கைகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். படிப்பு முடிகிற கடைசி வருஷத்தில் மட்டும் அந்தக் கைகள் தனித்தனியாகக் கழன்றுகொள்ளும். பிராம் என்கிற பள்ளி நடன விழாவுக்கு முந்தின சனிக்கிழமை, வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு யாரோ ஓர் அப்பாவின் பண்ணையில் விருந்து. கொரியப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய சர்ச் ஹாலில். இந்தியப் பிள்ளைகளுக்கு இர்விங் பக்கம் ஒரு பேங்க்வெட் ஹாலில் ‘தேசி நைட்’. அறிவிப்பு பள்ளி ஸ்பீக்கரில்தான் வரும், டிக்கெட் பள்ளி வளாகத்தில்தான் விற்கும், ஆனால் யாராவது கேள்வி கேட்டால், அது பெற்றோர் நடத்தும் தனியார் நிகழ்ச்சி என்று பிரின்சிபால் கையை விரித்துவிடுவார். அந்த வகுப்பில் கறுப்பினப் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களுக்கு ஹாலும் கிடையாது, பண்ணையும் கிடையாது. அந்தச் சனிக்கிழமை அவர்கள் என்ன செய்வார்கள் என்று யாரும் யோசித்ததும் கிடையாது.

மெஹர் நிஷாவும் யோசித்ததில்லை. அவளுக்கு அவள் கவலை. அதிராம்பட்டினத்தில் பிறந்து, நூர் அகமதுவைக் கட்டிக்கொண்டு டெக்சாஸ் வந்து, இந்த ஊரில் வீடு வாங்கிக் குடியேறியதிலிருந்து அவள் ஏங்கியது ஒன்றுக்குத்தான். இங்கே இருக்கும் தமிழ்ப் பெண்கள் தன்னையும் ஒருத்தியாக நினைக்க வேண்டும். அவர்களும் ஒன்றும் விரட்டவில்லை. அதற்கெல்லாம் அவர்கள் ரொம்பப் படித்தவர்கள். நவராத்திரிக்கு எல்லா வீட்டுக்கும் வாட்ஸ்அப்பில் அழைப்பு போகும். மெஹருக்கு மட்டும் மறுநாள், “நீங்க வருவீங்களோ மாட்டீங்களோன்னு தெரியல” என்று ஒரு செய்தி வரும், சுண்டல் படத்தோடு. அவளும் ஒரு சிரிப்புப் பொம்மையைப் பதிலாக அனுப்பிவிட்டு பாத்திரம் கழுவப் போவாள்.

அப்படிப்பட்டவளை இந்த வருஷம் ஜலஜாவே போன் செய்து தேசி நைட் கமிட்டிக்கு அழைத்தாள். ஜலஜா அந்தக் கமிட்டியின் தலைவி. அவள் மகன் ஆர்யனும் மெஹரின் மகள் ஷஹீமாவும் ஒரே வகுப்பு. பிரியாணி யாரிடம் சொல்வது, மட்டன் எங்கே நன்றாகக் கிடைக்கும் என்று தெரிந்த ஆள் வேண்டியிருந்தது, அதுதான் அழைத்தார்கள். அது மெஹருக்கும் தெரியும். தெரிந்தும் தலைகால் புரியாமல் சந்தோஷப்பட்டாள். பாவம்தான், வேறென்ன சொல்ல.

அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டவள் அவள் பெற்ற மகள். ஷஹீமாவுக்கு இமானி என்று ஒரு சிநேகிதி. ஒன்பதாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒட்டிக்கொண்டு திரிகிறார்கள். இமானி கறுப்பினப் பெண், முஸ்லிம். அவள் அம்மா ரஷீதா நர்ஸ் வேலை பார்க்கிறவள், மெஹர் போகும் அதே பள்ளிவாசலுக்கு வருகிறவள். போன ரமலானில் பாதி நாள் மெஹரும் ரஷீதாவும் தோளோடு தோள் நின்றுதான் தராவீஹ் தொழுதார்கள். இமானி மெஹரின் வீட்டில் சாப்பிட்ட சோற்றுக்குக் கணக்கே கிடையாது. அவள் வரும் நாளில் ரசத்தில் மிளகைக் குறைத்துப் போடுகிற அளவுக்கு மெஹருக்கும் அவள் மேல் பிரியம் உண்டு. அது வீட்டுக்குள்ளே உள்ள பிரியம், அவ்வளவுதான்.

ஏப்ரலில் ஷஹீமா, ஆர்யன், இமானி, இன்னும் கொஞ்சம் பிள்ளைகள் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். தனித்தனி விருந்து வேண்டாம், பள்ளி ஜிம்மில் எல்லாருக்கும் ஒன்று வையுங்கள் என்று பிரின்சிபாலிடம் போய் நின்றார்கள். அவர் கையை விரித்தார். சரி, அப்படியென்றால் அழைப்பு இருக்கிற ஒவ்வொருவரும் அழைப்பு இல்லாத ஒருவரைக் கையோடு கூட்டிப் போவோம் என்று ஷஹீமா சொன்னாள், எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ‘பிளஸ் ஒன்’ என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். ஷஹீமா இமானியைத் தேசி நைட்டுக்குக் கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டாள்.

மறு வாரம் ஜலஜா வீட்டில் கமிட்டி கூடியது. ஃபில்டர் காபி, வெங்காய பஜ்ஜி, எல்லார் முகத்திலும் இழவு வீட்டுக் களை.

“நமக்கு யார் மேலயும் வெறுப்பு கிடையாது. அதை மொதல்ல சொல்லிடறேன்,” என்று ஆரம்பித்தாள் ஜலஜா. இப்படி ஆரம்பிக்கிறவர்கள் எங்கே போய் முடிப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். “ஆனா இது நம்ம பசங்களுக்கான ஈவ்னிங். நாம எல்லாரும் ஒரே ஃபேமிலி மாதிரி. வெளியாள் வந்தா கம்ஃபர்ட்டபிளா இருக்காது.”

“போன வருஷம் அந்த அமெரிக்கன் பையன் வந்தானே, என் பொண்ணுக்கு ஜோடியா,” என்றாள் மரகதம். ஜலஜாவின் வலது கை அவள். தன் பெண் ஒரு வெள்ளைக்காரப் பையனோடு வந்ததில் மரகதத்துக்கு இன்றைக்கும் ஒரு பெருமை.

“அது வேற, மரகதம்.”

எப்படி வேறு என்று யாரும் கேட்கவில்லை. மெஹரும் கேட்கவில்லை. பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டே குனிந்திருந்தாள். தன் பெயர் வராமல் இந்தப் பேச்சு முடிந்துவிட வேண்டும் என்று அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“மெஹர்,” என்றாள் ஜலஜா, தேன் ஒழுக. “இதை நீங்கதான் பாத்துக்கணும். நாங்க போய்ச் சொன்னா ரேசிசம் அது இதுன்னு ஆயிடும். நீங்க சொன்னா அவங்க தப்பா எடுத்துக்க மாட்டாங்க. நீங்கள்லாம் ஒரே கம்யூனிட்டிதானே.”

சுருக்கென்று தைத்தது. தமிழ் பேசுகிற ஜலஜாவும் தானும் ஒரு கம்யூனிட்டி இல்லையா என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அடுத்த நவராத்திரிக்கு சுண்டல் படமும் வராது. “நான் பேசிக்கறேன் ஜலஜா,” என்றாள் மெஹர். எல்லார் முகமும் மலர்ந்தது. மரகதம் எழுந்து போய் அவளுக்கு இன்னொரு காபி கொண்டுவந்து கொடுத்தாள். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து மெஹர் குடித்ததிலேயே ருசியான காபி அதுதான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் பார்க்கிங்கில் ரஷீதாவைப் பிடித்தாள். என்ன சொல்வது என்று காரில் வரும்போதே யோசித்து வைத்திருந்தாள். வர வேண்டாம் என்றார்கள் என்று சொல்ல நாக்கு கூசியது. அதனால் அதைவிடக் கேவலமான ஒன்றைச் சொன்னாள்.

“சிஸ்டர், அந்தப் பார்ட்டியில் பையன்களும் பெண்களும் சேர்ந்து ஆடுகிறார்களாம். நம் பிள்ளைகளுக்கு அது சரிப்படாது. நான் ஷஹீமாவை அனுப்பப் போவதில்லை. நீங்களும் இமானியை…” என்று ஆங்கிலத்தில் இழுத்தாள்.

ரஷீதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கும் அதே உறுத்தல் இருந்தது, நான் ஒருத்தி மட்டும் பழைய மனுஷி மாதிரி மகளைத் தடுக்கிறோமோ என்று குழம்பிக்கொண்டிருந்தேன், நீ சொன்னது எனக்குப் பெரிய பலம் என்றாள். பிறகு கட்டிப்பிடித்தாள். “அன்றைக்கு சாயந்தரம் இரண்டு பேரும் என் வீட்டில் இருக்கட்டும். நான் சமைக்கிறேன். அவர்களுக்கென்று ஒரு கேக் செய்கிறேன்,” என்றாள். மெஹர் இன்ஷா அல்லாஹ் என்றாள். அந்த வார்த்தையை அப்படி ஓர் இடத்தில் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னாள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் பொய் எவ்வளவு நேரம் தாங்கும்? மெஹர் வீடு வந்து சேர்வதற்குள் இமானியின் மெசேஜ் ஷஹீமாவின் போனுக்கு வந்து சேர்ந்துவிட்டது. சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள் மகள்.

“என்னை அனுப்பப் போவதில்லையா?” என்றாள் ஆங்கிலத்தில். அவள் வாயில் தமிழ் வருவதே அபூர்வம். “ஆட்டம் ஹராம் என்று ரஷீதா ஆன்ட்டியிடம் சொன்னாயா? நீதானே எனக்கு அந்த டிரஸ் வாங்கினாய்?”

“நீ போவ. அவ வரமாட்டா. அவ்ளோதான். இதுக்கு மேல கேக்காத.”

“ஏன் வரமாட்டாள்?”

மெஹர் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். ஷஹீமா முட்டாள் இல்லை. கமிட்டி, ஜலஜா ஆன்ட்டி, பிளஸ் ஒன், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டாள். முகம் சிவந்து கண் கலங்கிவிட்டது. கோபத்தைவிட அவமானம்தான் அதிகம். தன் உம்மா இதைச் செய்தாள் என்று சிநேகிதியிடம் எந்த வாயால் சொல்வது?

“நீயே ஆன்ட்டிக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லிவிடு,” என்றாள் கடைசியில். “அதுவரைக்கும் இமானியிடம் நான் எதுவும் சொல்ல மாட்டேன். நீ சொன்னதை ஆன்ட்டி தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்று சமாளிக்கிறேன். அவள் என்னோடு வருகிறாள். அதில் மாற்றம் இல்லை.”

பெற்றவளுக்கு மகள் கொடுத்த வாய்ப்பு அது. அதற்குத் தன் நட்பையே அடகு வைத்தாள் என்று அந்தப் பெண்ணுக்கும் அப்போது தெரியாது. மெஹர் தினமும் போனை எடுத்தாள், வைத்தாள். ‘நாளைக்குச் சொல்லிக்கலாம்’ என்றாள். நூர் அகமது என்ன விஷயம் என்று கேட்டதற்கு, பிரியாணி ஆர்டர் கவலை என்றாள். நடுவில் ஜலஜாவே போன் செய்து, சனிக்கிழமை வரவேற்பு மேஜையில் நீங்கதான் நிக்கணும் மெஹர், உங்க பட்டுப் புடவை கலெக்‌ஷனை எல்லாரும் பாக்கட்டும் என்றாள். போயே போச்சு. அதற்குப் பிறகு மெஹர் போனை எடுக்கக்கூட இல்லை.

சனிக்கிழமை வந்தது. ஷஹீமா மத்தியானமே கிளம்பி ஆர்யனோடும் மற்றவர்களோடும் போய்விட்டாள். மெஹர் மயில் கழுத்து நிறத்தில் பட்டுடுத்தி, அதே நிறத்தில் முக்காடு போட்டு, ஹால் வாசல் மேஜைக்குப் பின்னால் நின்றாள். சந்தனம், கற்கண்டு, ரோஜாப்பூ, கையில் வெள்ளிப் பன்னீர் செம்பு. டெக்சாஸ் வெயிலில் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வருகிற பையன்கள் மேல் கல்யாண வீடு மாதிரி பன்னீர் தெளிக்க வேண்டும் என்பது ஜலஜாவின் யோசனை. உள்ளே பாட்டு அலறியது. ஒரு பிள்ளையும் உள்ளே வரவில்லை.

எல்லாரும் பார்க்கிங்கில் நின்றார்கள். லெஹங்காவும் ஷெர்வானியுமாக நூறு பிள்ளைகளுக்கு மேல் இருக்கும். பக்கத்தில் கவுனும் கோட்டுமாக, அழைப்பு இல்லாத பிள்ளைகளும், பண்ணை விருந்தையும் சர்ச் விருந்தையும் விட்டுவிட்டு வந்தவர்களும். எல்லாரையும் விட்டால் வருவோம், இல்லையென்றால் யாரும் வரமாட்டோம் என்று ஆர்யன் உள்ளே சொல்லி அனுப்பிவிட்டு, போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். ஜலஜா வாசலுக்கு ஓடி வந்தாள். பெற்ற பிள்ளையே எதிரே நிற்பதைப் பார்த்ததும் வாசல்படியிலேயே நின்றுவிட்டாள்.

அந்தக் கூட்டத்திலிருந்து மூன்று பேர் மேஜையை நோக்கி வந்தார்கள். ஷஹீமா, அவளிடம் இரவல் வாங்கிய பச்சை லெஹங்காவை உடுத்திய இமானி, கூடவே மருத்துவமனை உடையில் ரஷீதா. டியூட்டிக்குப் போகிற வழியில் மகளை இறக்கிவிட வந்தவள். மெஹர் சொன்னதை நீங்கள்தான் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள் என்று பிள்ளைகள் சொன்னது அவளுக்குக் குழப்பமாக இருந்தது. மெஹரிடமே கேட்டுவிட்டுப் போகலாம் என்று காரை விட்டு இறங்கியிருந்தாள்.

மேஜைக்குப் பின்னால் மெஹரைப் பார்த்ததும் ரஷீதாவின் நடை நின்றுவிட்டது. பட்டுப் புடவையைப் பார்த்தாள், பன்னீர் செம்பைப் பார்த்தாள், உள்ளேயிருந்து வந்த பாட்டைக் கேட்டாள்.

“சிஸ்டர் மெஹர், இது நம் பிள்ளைகளுக்குச் சரிப்படாது என்று நீதானே சொன்னாய்?” என்றாள் மெதுவாக.

மெஹர் ஜலஜாவைத் திரும்பிப் பார்த்தாள். ஜலஜா கண்ணால், ‘முடி’ என்பது போல ஜாடை காட்டினாள். அந்த ஒரு கணம் அவள் நினைத்திருந்தால் எல்லாம் வேறு மாதிரி போயிருக்கும். பன்னீர் செம்பைச் சாய்த்திருந்தால் போதும். ஆனால் இத்தனை வருஷ ஏக்கம் அவளை விடவில்லை.

“ஸாரி சிஸ்டர். இது எங்கள் கம்யூனிட்டிக்கு மட்டும்தான். இமானி உள்ளே போக முடியாது,” என்றாள்.

பின்னாலிருந்த பிள்ளைகளிடமிருந்து ஒரு முனகல் எழுந்தது. ஆர்யனின் போன் மெஹரின் முகத்துக்கு நேராக இருந்தது. ஜலஜா அந்தப் போனைப் பார்த்தாள். அவளைக் குறை சொல்லாதீர்கள், அவளுக்குத் தலைவி பதவி சும்மா வரவில்லை. மின்னல் வேகத்தில் மேஜையைச் சுற்றி வந்து இமானியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“ஸ்வீட்டி, யார் உன்னை வரக் கூடாது என்று சொன்னது? எவ்வளவு அழகாக இருக்கிறாய். எல்லாரும் வாருங்கள். உங்களுக்காகத்தானே இவ்வளவும்,” என்றாள் போனுக்குக் கேட்கிற ஆங்கிலத்தில். பிறகு மெஹர் பக்கம் திரும்பி, வருத்தம் வழிகிற குரலில், தமிழில் கேட்டாள். “என்ன மெஹர் இது? நாங்க யாரும் அப்படிச் சொல்லலையே. நீங்க ஏன் இப்படிப் பண்ணீங்க?”

“ஆமா, நாங்க சொல்லவே இல்ல,” என்றாள் மரகதம் பின்னாலிருந்து.

தமிழில் இந்த ஒரு வசதி இருக்கிறது. ‘நாம’ என்றால் எதிரே நிற்கிறவரும் உள்ளே. ‘நாங்க’ என்றால் எதிரே நிற்கிறவர் வெளியே. கழுத்தைப் பிடித்துத் தள்ள வேண்டியதே இல்லை, ஒரு சொல்லை மாற்றினால் போதும். மெஹருக்கு அது நன்றாகவே காதில் விழுந்தது. அவர்களுக்காக அழுக்கைக் கையில் அள்ளியவள் அவள். இப்போது அழுக்கு முழுக்க அவளுடையது. “நீங்கதானே என்னைப் பேசச் சொன்னீங்க” என்று முனகினாள். பாட்டுச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. கேட்டாலும் தமிழ் தெரியாத ரஷீதாவுக்கு அதனால் என்ன பயன்?

ரஷீதா கத்தவில்லை. “பொய் சொல்ல உனக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லையா? தீனைத்தான், நம் மார்க்கத்தைத்தான் எடுத்தாயா?” என்று மட்டும் கேட்டாள்.

இமானி மெஹரைப் பார்க்கவே இல்லை. அவள் பார்வை ஷஹீமாவின் மேல் இருந்தது.

“என் அம்மா தப்பாகப் புரிந்துகொண்டதாகச் சொன்னாயே. உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“என் உம்மா தானாகவே சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தேன்,” என்றாள் ஷஹீமா ஆங்கிலத்தில். “அவர்களுக்காகத்தான்…”

“இரண்டு வாரமா? என் அம்மாவை மக்கு என்று என்னையே நம்ப வைத்தாய். நான் வீட்டில் அவர்களைத் திட்டினேன், தெரியுமா? ஆங்கிலம் பேசுகிற ஓர் அம்மாவுக்கு ஆங்கிலம் புரியவில்லை என்று.”

“இமானி, ப்ளீஸ்.”

“உள்ளே போகத்தான் வந்தேன். போகிறேன். உன்னோடு இல்லை.”

பச்சை லெஹங்காவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் ஆர்யனோடு உள்ளே நடந்தாள். பார்க்கிங்கில் இருந்த அத்தனை பிள்ளைகளும் ஆரவாரத்தோடு பின்னாலேயே போனார்கள். பள்ளிக்கூடத்தில் இதுவரை நடக்காத ஒன்று அன்றைக்கு நடந்தது. எல்லாரும் ஒரே ஹாலில். ஜலஜா வாசலிலேயே இமானியைத் தன் பக்கத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொண்டாள். உள்ளே வெள்ளைப் பிள்ளையும் கொரியப் பிள்ளையும் இந்தியப் பிள்ளையும் கறுப்பினப் பிள்ளையும் சேர்ந்து குதித்த சத்தம் ரோட்டுக்குக் கேட்டது. இந்த யோசனையை முதன்முதலில் சொன்ன பெண் மட்டும் அந்தச் சத்தத்தில் இல்லை.

காரை நோக்கிப் போன ரஷீதாவின் பின்னால் ஷஹீமா ஓடினாள். “ஆன்ட்டி, என்னையும் கூட்டிப் போங்கள். எங்கேயாவது இறக்கிவிடுங்கள்,” என்று கெஞ்சினாள்.

ரஷீதா அவள் கன்னத்தைத் துடைத்தாள். அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. “இல்லை கண்ணா. நீ உன் அம்மாவோடு வீட்டுக்குப் போ,” என்று சொல்லிவிட்டுக் கார்க் கதவைச் சாத்தினாள்.

மேஜைக்கு மரகதம் வந்தாள். “மெஹர், செம்பை என்கிட்ட குடுங்க. நீங்க கொஞ்ச நேரம் யார் கண்லயும் படாம இருக்கறது நல்லதுன்னு ஜலஜா ஃபீல் பண்றாங்க. அந்த வீடியோ எங்கெங்கயோ போய்ட்டிருக்கு பாருங்க. பிரியாணிக்காரர் வந்தா மட்டும் போன்ல பேசிடுங்க, என்ன?” என்றாள். மெஹர் கொடுத்தாள். வேறென்ன செய்வாள்?

காரில் ஷஹீமா முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பின் சீட்டுக்குப் போயிருந்தால் மெஹருக்குத் தேவலையாக இருந்திருக்கும். சாவியைப் போட்டவள் வண்டியை எடுக்காமல் அழுதாள். “எல்லாரும் சேர்ந்து என்னை மாட்டிவிட்டுட்டாங்கம்மா. நான் ஒருத்தியா இதைப் பண்ணேன்? அந்த ஜலஜாதானே… நாளைக்கே நாம ரஷீதா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுக்கலாம். இமானி சரியாயிடுவா. சின்னப் பொண்ணுதானே.”

ஹாலுக்குள்ளே யாரோ மைக்கில் பெயர்களைச் சொல்லச் சொல்ல கைதட்டல் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு ஷஹீமா தமிழில் பேசினாள், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து.

“ஏன்ம்மா அழற? நீ கேட்டது நடந்துடுச்சு. இமானி என்கூட வரல.”